ஊதா மாறாத காயிரோ

இருபத்திரண்டு கண்ணாடிக் குழாய்களிலும் ஊதா அப்படியே நின்றது.

தொட்டியடியில் குப்பி கழுவிக்கொண்டிருந்த லிடுவினா, கழுவுகிற சாக்கில் ஓரக்கண்ணால் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருடம் இதே காயிரோ இலையின் சாற்றை விட்டபோது, சொட்டு விழுந்த மாத்திரத்தில் ஊதா கலங்கி, வெளுத்து, வைக்கோல் மஞ்சளாகிப் போயிற்று. சோதனை செய்கிற பையன் வில்ஃப்ரிடோ அன்றைக்கு மேசையைத் தட்டிக் கூத்தாடினான். இன்றைக்கு அரைமணி நேரமாகிறது. கத்தரிப்பூவைக் கரைத்து ஊற்றிய மாதிரி நிற்கிறது. ஒரு குழாய்கூட அசைந்து கொடுக்கவில்லை.

"மறுபடியும் செய்," என்றார் ஆய்வுக்கூடத்தை நடத்துகிற டாக்டர் மிர்னா.

"மூணு தடவ செஞ்சாச்சு டாக்டரம்மா. சாறும் புதுசு, மருந்தும் புதுசு. இனிமே நான்தான் புதுசாப் பொறந்து வரணும்."

"வாயைக் குறைச்சுக்கிட்டு நாலாவது தடவை செய், வில்ஃப்ரிடோ."

அங்கே நடக்கிற வேலை சொல்லப்போனால் சின்னது. காட்டிலும் மேட்டிலும் கிடைக்கிற இலை, பட்டை, வேர் எதுவானாலும் உலர்த்தி, அரைத்து, சாராயத்தில் ஊறவைத்து, வடிகட்டி, அந்தச் சாற்றை ஊதா மருந்தில் விடுவார்கள். இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி மனுஷ உடம்புக்குள்ளும் ஒரு துரு ஓடுகிறதாம். அதைத் தடுக்கிற சத்து இருந்தால் ஊதா மஞ்சளாகும். இல்லாவிட்டால் ஊதா ஊதாவாகவே கிடக்கும். டாக்டரம்மா அந்தச் சத்துக்கு நீளமாக ஒரு பேர் சொல்வார். லிடுவினா அதற்குத் துருக்கொல்லி என்று தன் மட்டில் ஒரு பேர் வைத்திருந்தாள்.

காயிரோ என்றால் குரங்குக் கசப்பு. குரங்குகூடக் கடித்துவிட்டுத் துப்பிவிடுமாம். அப்பேர்ப்பட்ட இலை போன வருடம் ஊதாவைத் தின்று தீர்த்ததும், வானொலிக்காரன் வந்து டாக்டரம்மாவைப் பேசச் சொல்லிப் பதிவு பண்ணிப் போனான். "பராகுவே இலை உலகத்தை வென்றது" என்று பத்திரிகையில் போட்டார்கள். வெளிநாட்டுக்காரர்கள் ஆய்வுக்குப் பணம் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் பளபளவென்று மின்சார உலர்த்துபெட்டி ஒன்று வந்தது. அதோடு ஒரு நிரந்தர வேலையும் வந்தது. இலை பக்குவம் பண்ணுகிறவர் என்று அதற்குப் பேர்.

அந்த வேலை லிடுவினாவுக்குத்தான் என்று டாக்டரம்மா வாக்குக் கொடுத்திருந்தார். ஏப்ரல் கடைசியில் கையெழுத்தாக வேண்டும். அது ஆனால் மருத்துவமனை அட்டை உண்டு, கிழடான பிறகு ஓய்வூதியம் உண்டு. ஐம்பத்தொரு வயதில் அவளுக்கு வேறென்ன வேண்டும்? பத்தொன்பது வயதிலிருந்து முப்பத்தொன்பது வரை, டீ மாதிரி ஊறவைத்துக் குடிக்கிற மாத்தே இலையைப் பரணில் போட்டுப் புகையில் வாட்டுகிற வேலை. கீழே தீ, மேலே இலை, நடுவில் அவள். நெஞ்சு அங்கேயே வெந்துபோயிற்று. கண் எந்நேரமும் சிவப்பு. ஒரு நாள் இருமலோடு ரத்தம் வந்தது. அன்றைக்கே பரணை விட்டு இறங்கினவள், இனிச் செத்தாலும் புகையில் நிற்பதில்லை என்று மாதாவின் முன்னால் சத்தியம் பண்ணினாள். பிறகு வீடு வீடாகத் துணி துவைத்தாள். நாற்பத்து மூன்றில் கோயில் வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றுக்கொண்டாள். அந்த எழுத்தை வைத்துத்தான் குப்பிகளுக்குச் சீட்டு எழுதுகிற இந்தத் தினக்கூலி கிடைத்தது. ஆறு வருடமாயிற்று.

நாலாவது தடவையும் ஊதா போகவில்லை.

"சொன்னா கோவிச்சுக்குவீங்க," என்றான் வில்ஃப்ரிடோ. "இலை பறிச்சுக் கொண்டாற கிரெசென்சியோ தாத்தாவுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. குரங்குக்குத் தெரியுற இலை அவருக்குத் தெரியல."

லிடுவினாவின் கையிலிருந்த குப்பி தொட்டியில் விழுந்தது. உடையவில்லை.

அவளுக்குக் காரணம் தெரிந்துவிட்டிருந்தது. புது இலையை அரைக்கும்போதே மூக்குச் சொல்லிவிட்டது. மின்சாரப் பெட்டியில் காய்ந்த இலை பச்சை மாறாமல் புல் மணத்தது. அலமாரியில் போன வருட டப்பா இருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தாள். பரண் மணம்.

போன ஜூனில் பதினாறு நாள் விடாமல் மழை. காகிதம் விரித்து நிழலில் பரப்பியிருந்த காயிரோ இலை ஓரத்தில் கறுக்கத் தொடங்கியது. டாக்டரம்மா தலைநகரத்துக்குப் போயிருந்தார். லிடுவினா பார்த்தாள். தீயைக் காணாத இலை கறுத்துப்போகும், கறுத்த இலை குப்பைக்குத்தான் ஆகும். இது பரண் ஏறின எவருக்கும் தெரிந்த சங்கதி. மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அடுப்புக்கு மேலே கம்பி கட்டி, கொய்யாக் கட்டையை மூட்டி, தான் பண்ணின சத்தியத்தையும் மீறி, இரண்டு நாள் வாட்டி எடுத்தாள். அருமையாகக் காய்ந்தது. டப்பாவில் அடைத்து, "காயிரோ, உலர்ந்தது" என்று சீட்டு ஒட்டினாள். பொய் ஒன்றும் எழுதவில்லை. அந்த மழையிலும் இலையைப் புகையில்லாமல் உலர்த்துகிற கிறுக்கு உலகத்தில் உண்டென்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

டப்பாவைத் திறந்த வேறு யாரும் அந்த மணத்தைக் கவனிக்கவில்லை. எப்படிக் கவனிப்பார்கள்? காலையில் மாத்தே, மத்தியானம் அதையே குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்த தெரெரே என்று நாள் முழுக்கப் புகையூட்டிய இலையை உறிஞ்சுகிற ஊர். டாக்டரம்மாவின் கைப்பையே பரண் மணக்கும். மீன்காரிக்கு மீன் நாற்றம் தெரியுமா?

புகைதான் ஊதாவைத் தின்றதோ என்று லிடுவினாவுக்குச் சந்தேகம் தட்டியது. சந்தேகமென்ன, நிச்சயம்தான். ஆனால் ஏப்ரல் கடைசிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

கிரெசென்சியோவை வரச் சொல்லியிருந்தார்கள். அறுபத்தெட்டு வயது. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, செம்மண் அப்பிய செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். அவர் லிடுவினாவின் மகளுக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றின அன்றிலிருந்து அவருக்கு இவள் கொமாய், இவளுக்கு அவர் கொம்பாய். அப்படி ஆனவர்கள் சாகிற வரை ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, சண்டையும் போடுவதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் உறவு அறுந்தது என்று அர்த்தம்.

"போன வருஷ இலை ஒரு மாதிரி, இந்த வருஷ இலை ஒரு மாதிரி," என்றார் டாக்டர் மிர்னா. "ரெண்டும் உங்க மூட்டைதான். ரெண்டுல எது காயிரோ?"

"ரெண்டும்தாம்மா."

"அது எப்படி?"

கிரெசென்சியோ மேசையிலிருந்த இலையில் ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றார். முகம் கோணியது. மென்றதை உள்ளங்கையில் துப்பினார். "நாப்பது வருஷமா இந்தக் கசப்பத் தின்னுருக்கேன். எங்க அம்மா பால நான் மறந்தாலும் இத மறக்கமாட்டேன். நீங்களும் ஒரு இலைய மென்னு பாருங்க."

"மெஷினுக்குப் பல்லு இல்ல தாத்தா," என்றான் வில்ஃப்ரிடோ.

"உனக்கு இருக்குல்ல? நீ மெல்லு."

வில்ஃப்ரிடோ சிரித்தான். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "போன வருஷம் கூட வேற எதையாவது கலந்தீங்களா? நல்லதுன்னு நெனச்சுக்கூடச் செஞ்சிருக்கலாம். சொல்லிடுங்க, நான் ஒண்ணும் பண்ணமாட்டேன்."

கிழவர் திரும்பித் தொட்டியைப் பார்த்தார். "கொமாய், நீ சொல்லு. பிரிச்சதும் அரைச்சதும் நீதானே. என் மூட்டையில வேற இலை கண்டியா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"எனக்கென்ன தெரியும் கொம்பாய்," என்றாள். "எனக்கு எல்லாம் இலை மாதிரிதான் தெரிஞ்சுது."

கிழவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, துப்பின இலையைக் கையிலேயே மூடிக்கொண்டு வெளியே போனார். அதோடு அவரிடம் இலை வாங்குவது நின்றது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சந்தையில் மூலிகைக்காரிகள் உட்காரும் வரிசைக்கு அந்தச் சேதி இரண்டே நாளில் போய்ச் சேர்ந்தது. தெரெரேயில் இடித்துப் போடுகிற வேரும் தழையும் அவர்களுக்குக் கொண்டுவந்து கொடுப்பது கிரெசென்சியோதான். அதுதான் அவருடைய பாதிப் பிழைப்பு. மூன்றாவது சனிக்கிழமை லிடுவினா வேர் வாங்கப் போனபோது, ஒருத்தி அவர் கொண்டுவந்த கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா புதுசா மோந்து பாக்குற?" என்றார் கிழவர்.

"படிச்ச பொம்பளையவே ஏமாத்தின கை. என்னை விட்டு வைக்குமா? நாளைக்கு எவனாவது குடிச்சிட்டுப் பேதியாகிச் செத்தா, போலீஸு உன்னையா தேடும்? என்னையில்ல தேடும்! எடுத்துக்கிட்டுப் போ பெரியவரே."

கிழவர் குனிந்தார். கட்டுகளைத் திரும்பக் கட்டினார். இரண்டு தரம் நழுவி, முடிச்சு விழ நேரமாயிற்று. நிமிர்ந்தபோது லிடுவினாவைப் பார்த்துவிட்டார்.

"வா கொமாய். மூச்சுக்கு நல்ல வேர் இருக்கு, உனக்குன்னே தோண்டினது. இந்தா."

"எவ்வளவு கொம்பாய்?"

"போடி பைத்தியம். உங்கிட்ட எப்ப வாங்கியிருக்கேன்?"

வேரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பேருந்துக்குக்கூட நிற்காமல் நடந்தே வீட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வேர் மேசைமேல் கிடந்தது. அவள் அதை இடிக்கவுமில்லை, குடிக்கவுமில்லை. அட்டையை நினைத்தாள். ஓய்வூதியத்தை நினைத்தாள். அந்த முடிச்சு விழ எத்தனை நேரமாயிற்று என்பதையும் நினைத்தாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் டாக்டரம்மாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். மழை, மூட்டை, கம்பி, கொய்யாக் கட்டை. டாக்டர் மிர்னா கேட்டுக்கொண்டே இருந்தார். கையிலிருந்த மாத்தே ஆறிப்போயிற்று. கடைசியில் அந்தக் கிண்ணத்தையே மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார். முகம் செத்துப்போயிற்று.

"ஏன் அப்பவே சொல்லல?"

"நீங்க கேக்கலையேம்மா. காஞ்சுதான்னு கேட்டீங்க. காஞ்சுதுன்னேன்."

"சரி, அது போகட்டும். மூணு வாரமா ஏன் சொல்லல?"

லிடுவினாவின் கண் சுவர் நாட்காட்டியில் ஏப்ரல் கடைசிக் கட்டத்துக்குப் போய் வந்தது.

அன்று முற்பகலிலேயே வில்ஃப்ரிடோவையும் சேர்த்து மூன்று பேரும் வண்டியில் லிடுவினாவின் வீட்டுக்குப் போனார்கள். டாக்டரம்மா சாறு வடிகட்டுகிற வெள்ளைத்தாள் ஒரு கட்டுக் கொண்டுவந்திருந்தார். வழியில் யாரோ வீட்டு வேலியோரம் கிடந்த சோள மட்டையையும் பொறுக்கிக்கொண்டார். இரண்டையும் கம்பியில் தொங்கவிட்டு, கொய்யாக் கட்டையை மூட்டச் சொன்னார். மத்தியானம் தாண்டும் வரை புகை போட்டார்கள். லிடுவினா இருமி இருமி வாசலுக்கு வந்து குந்தினாள். டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பெழுதினார்.

திரும்பி வந்து அவற்றை ஊறவைத்து, வடிகட்டி, மறுநாள் ஊதாவில் விட்டார்கள். புகை படாத தாளும் மட்டையும் ஊதாவை ஒன்றும் செய்யவில்லை. புகை பட்ட தாள் ஊதாவை வெளுத்து மஞ்சளாக்கியது. மட்டை இன்னும் வேகம்.

"சோள மட்டை உலகத்தை வென்றது," என்றான் வில்ஃப்ரிடோ, வானொலிக்காரன் குரலில்.

டாக்டர் மிர்னா சிரித்தார். முதலில் மெல்லத்தான் சிரித்தார். அப்புறம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, ஓயாமல் சிரித்தார். வில்ஃப்ரிடோ பயந்து குழாய்களை அள்ளிக்கொண்டு நகர்ந்தான். பிறகு அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாயங்காலம் வரை திறக்கவில்லை.

லிடுவினா தன் மேலங்கியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். வேலை போயிற்று என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் நெஞ்சு லேசாக இருந்தது. கிழவரின் பேராவது மிஞ்சுமே.

ஆனால் படித்தவர்கள் பூனை மாதிரி. எங்கிருந்து விழுந்தாலும் காலில்தான் நிற்பார்கள். மூன்றாம் நாள் டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். முகத்தில் தெளிச்சி வந்திருந்தது.

"உண்மைய எழுதி அனுப்பிட்டேன். போன கட்டுரை தப்புன்னு ஒத்துக்கிட்டேன். ஆனா இலையவிடப் புகைக்குத்தான் சத்துன்னா, அதுவும் ஒரு கண்டுபிடிப்புதானே? பணம் குடுத்தவங்க சரின்னுட்டாங்க. இனிமே ஆராய்ச்சி புகையூட்டுறதப் பத்தி. பின்னால கொட்டகை போடுறோம். எந்தக் கட்டை, எத்தனை மணி நேரம், எவ்வளவு சூடு, எல்லாத்தையும் அளக்கணும். அது தெரிஞ்ச ஆளு இங்க நீ ஒருத்திதான். நிரந்தர வேலை உனக்குத்தான் லிடுவினா. கொஞ்சம் மாத்தி எழுதியிருக்கோம், அவ்வளவுதான்."

தாளைத் தள்ளினார். லிடுவினா எழுத்துக்கூட்டிப் படித்தாள். புகைக் கொட்டகை பொறுப்பாளர்.

"டாக்டரம்மா, எனக்குப் புகை ஆகாது."

"முகமூடி வாங்கித் தர்றோம். மருத்துவமனை அட்டை வேற வந்துடும், இருமலுக்கும் பாத்துக்கலாம்."

லிடுவினா தாளை மேசையில் வைத்தாள். "கொம்பாய்?"

"அவர் மேல ஒரு தப்பும் இல்லன்னு முத்திரை போட்டுக் கடிதம் எழுதிட்டேன். நீயே குடுத்துடு. ரொம்ப வருத்தப்பட்டேன்னு சொல்லு."

"மறுபடி இலை எப்பக் கொண்டுவரணும்?"

டாக்டர் மிர்னா மேசைமேல் கிடந்த பேனாவை நேராக வைத்தார். "காயிரோ வேண்டியதில்ல லிடுவினா. அதுல ஒண்ணும் இல்லன்னுதானே தெரிஞ்சுது? எந்த இலையும் போதும். நம்ம காம்பவுண்டுலயே கொய்யா நிக்குதே."

கையெழுத்துப் போட்டாள். தன் பேரை எழுத அவளுக்கு எப்போதும் கொஞ்ச நேரமாகும். அன்று இன்னும் அதிகமாயிற்று.

கிரெசென்சியோ வீட்டு முற்றத்தில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கடிதத்தைப் பார்த்ததும் கையைக் கழுவி, கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒரு நாற்காலி கொண்டுவந்து அவளுக்குப் போட்டார். அவருக்கு எழுத்துத் தெரியாது. "படி கொமாய். சத்தமாப் படி, பக்கத்து வீட்டுக்கும் கேக்கட்டும்."

படித்தாள். திரு. கிரெசென்சியோ கொண்டுவந்த இலை இரண்டு முறையும் சரியான, கலப்பில்லாத காயிரோ இலையே. அவருடைய அறிவிலோ நேர்மையிலோ எந்தக் குறையும் இல்லை. தவறு இலை உலர்த்தப்பட்ட விதத்தில் நேர்ந்தது.

கிழவர் இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். முகத்தில் வெயில் ஏறின மாதிரி இருந்தது. "அந்த மூலிகைக்காரி மூஞ்சிக்கு நேரா இதப் பிடிக்கணும். நீயும் வரணும், படிக்க. சரி, அடுத்த மூட்டை எப்ப வேணுமாம்? ஓடைக்கு அந்தாண்ட நல்லாத் தழைஞ்சிருக்கு."

சொல்லாமல் தீராது. சொன்னாள்.

கத்தியை எடுத்து மறுபடி உரிக்கத் தொடங்கினார். ஒரு கிழங்கு முடிந்தது. "அப்ப என் இலை நல்ல இலை."

"ஆமா கொம்பாய்."

"எதுக்கும் ஆகாத நல்ல இலை."

அவள் காலடியில் கிடந்த கிழங்குத் தோலைப் பொறுக்கி ஓரமாகப் போட்டாள்.

"உலர்த்தின விதத்துல தப்புன்னு போட்டிருக்கே. உலர்த்துறது நீதானே?"

"ஆமா."

"அன்னைக்கு நான் உன்னக் கேட்டேனே, தொட்டிகிட்ட. அப்ப உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். நாற்பது வருடம் காட்டில் திரிந்த மனுஷர், இலையைத்தான் சந்தேகப்படத் தெரியும், ஆளைச் சந்தேகப்படத் தெரியாது.

"தெரியும்," என்றாள்.

உரித்த கிழங்குகளைப் பாத்திரத்தில் போட்டார். கத்தியை அதன்மேல் வைத்தார். கடிதத்தை வாங்கி, நாலாக மடித்து, சட்டைப்பையில் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டார்.

"உங்க வேலை?"

அந்த 'உங்க' அவளைச் சுட்டது. "ஆயிடுச்சு. புகைக் கொட்டகையில."

"நல்லது," என்றார். எழுந்து, அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அவள் எழுவதற்காகக் காத்து நின்றார். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை. "போயிட்டு வாங்க, லிடுவினா அம்மா. வழியில நாய் கெடக்கும், பாத்துப் போங்க."

வேலிக்கதவு வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். அவர் பாத்திரத்தோடு உள்ளே போயிருந்தார். நாற்காலியும் முற்றத்தில் இல்லை.

மே மாதம் முதல் வாரம் கொட்டகை தயாராயிற்று. முகமூடி இன்னும் வந்து சேரவில்லை, சரக்கு வரத் தாமதம் என்றார்கள். லிடுவினா கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, கம்பியில் கொய்யா இலையைப் பரப்பி, கீழே கட்டையை மூட்டினாள். முதல் புகை எழுந்தது. பழைய ஆளை அடையாளம் கண்டுகொண்ட மாதிரி அது நேராக அவள் நெஞ்சுக்குள்தான் போயிற்று.

"லிடுக்கா, நேரம் குறிச்சாச்சா?" என்று வெளியிலிருந்து வில்ஃப்ரிடோ கத்தினான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சீட்டை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். கொய்யா. கொய்யாக் கட்டை. தொடக்கம் எட்டு பத்து. உலர்த்தும் விதம் என்று புதிதாக ஒரு கட்டம் அச்சடித்திருந்தார்கள். அதில் 'புகை' என்று நிரப்பினாள்.